சேவுகன், தகப்பனார் கருப்பன்

1952ஆம் வருஷம் சித்திரை மாதம், கிணற்று வெடியில் அடிபட்ட ஆண்டிச்சாமியை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவன் நெற்றியில் கரித்துண்டால் ஆங்கில எழுத்து 'டி' போட்டு, பக்கத்தில் பத்தரை என்று எழுதியிருந்தது.

அன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் நடுவில் இருக்கும் ஊருணிப்பட்டி டிஸ்பென்சரியில் நான் நர்ஸ். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு மறு வருஷம் வந்தேன். டாக்டர் புதுக்கோட்டையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ஆயா செவந்தியும்தான். அன்று டாக்டர் வராத நாள்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். நெற்றியில் இருந்ததை யாரோ மந்திரம் என்றார்கள். ஒருத்தி அதை முந்தானையால் துடைக்கப் போனாள். நான் கையைத் தட்டிவிட்டேன். காலைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் துண்டைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சி அவிழாமல் அதையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ரத்தம் நின்றிருந்தது. உடைந்த எலும்புக்கு இரண்டு பக்கமும் பனைமட்டை. மட்டை தோலில் உரசாமல் உள்ளே வைக்கோலைத் துணியில் பொதிந்து வைத்திருந்தது. முடிச்சுகள் எல்லாம் வெளிப்பக்கமாக, ஒரே வரிசையில். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் வருஷப் பெண்கள்கூட அப்படிக் கட்ட மாட்டார்கள்.

"யாரு கட்டுனது?" என்றேன்.

வண்டியின் பின்பக்கம் நின்றிருந்த ஆள் முன்னே வந்தார். முப்பது வயதிருக்கும். குள்ளம். இடது முன்கை உள்பக்கத்தில் நீளமாக ஒரு பழைய தீக்காயத் தழும்பு.

"நான்தாங்க."

"நெத்தியில என்ன?"

"இறுக்கிக் கட்டுன நேரங்க. பத்தரை பஸ் தாண்டுச்சு. அப்பத்தான் முறுக்குனேன்."

ரத்தத்தை நிறுத்த அப்படி இறுக்கினால், நேரம் தெரியாமல் விட்டுவிடக் கூடாது. அதிக நேரம் போனால் காலே செத்துப்போகும். போர்க்களத்தில் அடிபட்டவர்களுக்கு, அந்தக் கட்டின் ஆங்கிலப் பெயரான டூர்னிகேயின் முதல் எழுத்தையும் நேரத்தையும் நெற்றியில்தான் எழுதி அனுப்புவார்கள் என்று எங்கள் மேட்ரன் வகுப்பில் சொல்லியிருந்தாள். கேட்டிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்க படிச்சீங்க?"

வண்டிக்காரன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். "அகப்பைப் பட்டாளத்துல படிச்சாருங்க." கூட்டம் சிரித்தது. அவர் மாடுகளை ஓரமாகப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

ஆண்டிச்சாமிக்குக் கால் தங்கியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், கட்டியது யார் என்று கேட்டு அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பஞ்சு சுருட்டிக்கொண்டே செவந்தியிடம் விசாரித்தேன். செவந்திக்குத் தெரியாத விஷயம் ஊரில் கிடையாது.

"அவரு பேரு சின்னத்தம்பிங்க. அவில்தார் கேட்டாருல்ல, அதுலேருந்துதான் அகப்பைப் பட்டாளம்."

அவில்தார் என்பது ஆண்டியப்பன். பதினெட்டு வருஷ சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு ஊருக்கு வந்து, பஸ் நிற்கும் இடத்தில் காபிக் கடை போட்டிருந்தார். பொய்ப் பட்டாளத்தானைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மிலிட்டரி டாக்டர் என்று சொல்லி மூட்டுவலித் தைலம் விற்க வந்தவனை நாலு கேள்வியில் ஓட ஓட விரட்டியவர். அதற்குப் பிறகு, எதிரில் வந்த காக்கி நிக்கர் எல்லாவற்றையும் நிறுத்திக் கேள்வி கேட்பார்.

சின்னத்தம்பியையும் கேட்டிருக்கிறார். செவந்தி அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"'ஒன் ரைபிள் நம்பரு என்னப்பா?' ங்கறாரு. இவரு, 'ரைபிள் குடுக்கலைங்க' ங்கறாரு. 'பட்டாளத்துல ரைபிள் குடுக்காம, அகப்பையா குடுத்தாங்க?' ன்னு அவில்தாரு கேட்டாரா, கடையே கெக்கெக்கேன்னு சிரிக்குது. 'ஆஸ்பத்திரி கம்பெனிங்க, ஆளு தூக்குற ஸ்டிரெச்சர்தாங்க குடுத்தாங்க' ன்னு இவரு சொல்றாரு. யாரு காதுல விழுது?"

"பட்டாளத்தை விட்டு வரும்போது குடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்குமே? அதைக் காட்டலாமே."

செவந்தி பஞ்சைக் கீழே வைத்தாள். "அங்கதாங்க சனியன். அந்தப் புஸ்தகத்துல இருக்குறது அவரு பேரு இல்லை. அவரு பெரியப்பா மகன் பேரு. செத்தவன் புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்துட்டாருன்னு ஊரே பேசுது."

எனக்கு அப்போது ஓர் ஆள் தேவைப்பட்டது. டிஸ்பென்சரிக்குக் காயம் கட்டும் டிரெஸ்ஸர் வேலை ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு முன்னுரிமை, டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு புதுக்கோட்டைக்கு நேரில் வர வேண்டும் என்று தாள் வந்திருந்தது. காயம் கட்டத் தெரிந்தவர் அரை மைல் தூரத்தில் இருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு ஆளை அனுப்புவார்கள், அவனுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு எனக்கு நேரம் இல்லை. மறுநாள் சின்னத்தம்பியை வரச் சொல்லி அனுப்பினேன்.

வந்தார். தாளைப் படித்துக் காட்டினேன். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு, "வேண்டாங்க" என்றார்.

"ஏன்?"

"புஸ்தகம் ஆத்தாகிட்ட இருக்குங்க. அங்கேயே இருக்கட்டும்."

"அது உங்க புத்தகமா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"என்னதுதாங்க."

"பேர் வேற இருக்காமே?"

"எம் பேரு சேவுகன்தாங்க."

அவர் சொன்னதை நான் பாதி அவரிடமும் பாதி செவந்தியிடமும் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு மகன் பிறந்தால் இரண்டு பேரனுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் வீட்டு மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் பெரியவர் கருப்பன் மகன் சேவுகனைப் பெரியதம்பி என்றும், சின்னவர் சிவசாமி மகன் சேவுகனைச் சின்னத்தம்பி என்றும் கூப்பிட்டார்கள். அம்மாக்கள் கூப்பிட்டதையே ஊரும் கூப்பிட்டது. சேவுகன் என்ற பெயர் பிள்ளைகளுக்குக் காது குத்திய அன்று சொன்னதோடு சரி. பெரியவன்தான் சேவுகன் என்பது பலருக்கு ஞாபகம் இருந்தது. சின்னவனும் சேவுகன்தான் என்பது தெரிந்த கிழவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"சரி, தகப்பனார் பேரு சிவசாமின்னுதானே புத்தகத்துல இருக்கணும்?"

"கருப்பன்னு இருக்குங்க."

அவருக்கு மூன்று வயதிலேயே அப்பா அம்மா இருவரும் காலராவில் போய்விட்டார்கள். வளர்த்தது பெரியப்பா கருப்பனும் பெரியம்மா பிச்சையம்மாளும். அவர் பிச்சையம்மாளை ஆத்தா என்றும் கருப்பனை அய்யா என்றும்தான் கூப்பிட்டார். திருச்சியில் ஆள் எடுக்கும் இடத்தில் கிளார்க், "அய்யா பேரு என்ன?" என்று கேட்டார். இவர், "கருப்பன்" என்றார். அவ்வளவுதான். சேவுகன், தகப்பனார் கருப்பன், ஊருணிப்பட்டி. பெரியதம்பியின் பெயரும் ஊரும் அப்பா பெயரும் எழுத்துப் பிசகாமல் அதேதான்.

காபிக் கடையில் இதைத்தான் அவில்தார் கேட்டிருக்கிறார். புஸ்தகத்துல அப்பன் பேரு கருப்பன், ஒங்கப்பன் பேரு கருப்பனா என்று. இல்லை, சிவசாமி என்று இவர் சொல்லியிருக்கிறார். முடிஞ்சு போச்சு போ என்று அவர் கிளாஸைக் கழுவப் போய்விட்டாராம்.

"பெரியதம்பி எங்கே?" என்றேன்.

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னார்.

நாற்பத்திரண்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் திருச்சிக்குப் போனார்கள். தெருவே கூடி மாலை போட்டு பஸ் ஏற்றியது. அங்கே பெரியதம்பியை வேண்டாம் என்றுவிட்டார்கள். உயரம் இருந்தது, நெஞ்சளவு போதவில்லை. குள்ளமான தம்பியை எடுத்துக்கொண்டார்கள்.

"ஸ்டேசன்ல வெச்சு அண்ணன் அழுதாங்க. 'மாலையைப் போட்டுக்கிட்டு வந்துட்டு, வேண்டாம்னுட்டாங்கன்னு எந்த மூஞ்சியோட போயி நிப்பேன். நானும் சேந்துட்டேன்னே எழுதிப்போடுடா. இங்க இல்லாட்டி வேற டிப்போவுல பாத்துட்டு நானே காயிதம் போடுறேன்' னாங்க. என் சட்டையைக் கழட்டிக் குடுத்தேன். எனக்குத்தான் பட்டாளத்துல குடுப்பாங்களே. அதைப் போட்டுக்கிட்டு வடக்க போற ரயில்ல ஏறுனாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

அவர் பர்மா எல்லையில் மூன்று வருஷம் இருந்தார். மலைப்பாதையில் ஸ்டிரெச்சர் தூக்கினார், வார்டில் காயம் கட்டினார். "அண்ணனை வேற டிப்போவுல எடுத்திருந்தா அங்கிட்டுத்தான் அனுப்பியிருப்பாங்க. அதனால ஒவ்வொரு ஆளையும் தூக்கும்போது மொதல்ல மூஞ்சியத்தாங்க பாப்பேன். காயத்தை அப்புறந்தான் பாப்பேன். தப்புத்தான். எங்க சுபேதார் அதுக்குத் திட்டியிருக்காரு."

அவர் திரும்பி வந்தபோது கருப்பன் காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிச்சையம்மாள் வாசலில் வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "எங்கடா அவன்?" இவர் சொன்னது, "வேற கம்பெனி ஆத்தா." அந்த மனிதர் அதுவரை வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் பொய்தானா என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் நாள் அவள் அந்தப் புத்தகத்தை வாத்தியாரிடம் கொண்டுபோனாள். வாத்தியார் மேல் பக்கத்தைப் படித்தார். "சேவுகன், தகப்பனார் கருப்பன்." அவள் மேலே கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவன் புத்தகம் இங்கே இருந்தால் அதை வாங்க அவன் வந்துதான் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. ஊர் வேறு கணக்குப் போட்டது. சொன்னவர்கள் யாரும் அதை அவள் எதிரில் சொல்லவில்லை.

"அதை நான் எப்படிங்க கேப்பேன்? அது என்னதுன்னு சொன்னா, அண்ணன் எங்கன்னு சொல்லணும். புஸ்தகத்தையும் எடுத்துட்டா ஆத்தாவுக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

தாளில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

நானாகப் போய்ப் புத்தகத்தைக் கேட்டிருப்பேனா என்று சொல்ல முடியாது. போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு வேலை வராமல், பிச்சையம்மாளே ஆள் அனுப்பினாள். கண்ணில் நீர் வடிகிறது, வந்து பார்க்க வேண்டும் என்று.

சொட்டு மருந்து விட்டேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநெடு என்று உயரமான பெண்பிள்ளை. படுத்திருந்தால் கால் கட்டிலைத் தாண்டி நிற்கும்.

"நர்சம்மா, நீ இங்கிலீசு படிப்பியாமே?"

"படிப்பேன்."

"எம் மகன் புஸ்தகம் ஒண்ணு இருக்கு தாயி. வாத்தியாரு மேலாக்குல படிச்சாரு. மிச்சத்தையும் படிச்சுச் சொல்லு. எந்த ஊருல விட்டுட்டு வந்தாங்கன்னு அதுல போட்டிருக்கும்ல? இம்புட்டு நாளா யாருகிட்டயும் குடுக்கப் பயம். வாங்குனா திருப்பித் தரமாட்டாங்க."

சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சின்னத்தம்பி அப்போது வயலில் இருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் துணிக்குக் கீழே மடித்து வைத்த ஒரு வேட்டி, ஒரு பம்பரம், அந்தப் புத்தகம்.

படிக்கும் முன்பே எனக்குத் தெரியும், என்ன வரும் என்று. மடித்து வைத்துவிட்டு, எழுத்து மங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நோயாளி கேட்டால் நான் உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். கட்டியைக் கீறாமல் தடவிக் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அது சரியா என்று இன்றைக்குக் கேட்டால், அப்படித்தான் செய்தேன் என்பது மட்டும்தான் பதில்.

"சேர்ந்தப்ப வயசு இருபது," என்று படித்தேன்.

"இருபத்திரண்டுல்ல?" என்றாள்.

"உயரம் அஞ்சடி மூணு அங்குலம்."

எழுந்து உட்கார்ந்தாள். "தப்பாப் போட்டிருக்கான். எம் மகன் இந்த வாசல்ல குனிஞ்சுதானே வருவான்."

"அடையாளம். இடது முன்கையில உள்பக்கம் தீக்காயத் தழும்பு, நாலு அங்குல நீளம்."

பிச்சையம்மாள் தன்னுடைய இடது கையைத் திருப்பி, அதே இடத்தை வலது கையால் தடவினாள்.

"நான் கொட்டுனது," என்றாள். "வடிச்ச கஞ்சி. அடுப்படியில குறுக்க ஓடியாந்துட்டான் சின்னவன். ஆறு வயசு."

மீதிப் பக்கங்களையும் படித்தேன். வேலை, நர்ஸிங் சிப்பாய். இருந்த இடங்கள். கொடுத்த பதக்கங்கள் மூன்று. நடத்தை, மிக நன்று. அவள் காதில் அதெல்லாம் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப எம் மகன் புஸ்தகம் எங்க?"

"அவரைப் பட்டாளத்துல எடுக்கலை ஆத்தா. நெஞ்சளவு பத்தலை. வேற எங்கேயோ வேலை தேடிப் போயிருக்காரு. சேந்துட்டேன்னே வீட்டுக்கு எழுதிப்போடச் சொல்லித் தம்பிகிட்ட அழுதுட்டுப் போயிருக்காரு."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். செம்பில் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். பழுப்பேறிய அந்தக் கண்ணில் என்ன தெரிந்ததோ.

"பட்டாளத்துக்கே போகலை?"

"போகலை."

"அப்ப அவனை யாரும் சுட்டுருக்க மாட்டாங்கள்ல?"

அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். ஆறு வருஷமாக அவள் ஊரார் பேச்சில் பாதியை நம்பிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் பூட்டி வைத்திருந்தது மகனுடைய புத்தகத்தை. ஆனால் பட்டாளத்தில் செத்தவர்களின் சாமான்தான் வீடு வரும் என்பது அவளுக்கும் தெரியும்.

"குடு அதை," என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, வெயிலில் போகாதே என்றேன். கேட்கவில்லை. நானும் பின்னால் போனேன்.

காபிக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வரப்பில் வந்துகொண்டிருந்த சின்னத்தம்பி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

பிச்சையம்மாள் புத்தகத்தைக் கடைப் பலகையில் போட்டாள்.

"அவில்தாரே, இதைப் படி."

"என்னத்தா, வாத்தியாரு படிச்சதுதானே?"

"அவரு படிச்சது அட்டையை. உள்ள படி. தலைப்பைக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்றதுக்கு நீ எதுக்கு, எங்க வாத்தியாரு பத்தாதா?"

யாரோ சிரித்தார்கள். ஆண்டியப்பன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். வயது, உயரம் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனவர் அடையாளத்துக்கு வந்ததும் நின்றார்.

"சத்தமாப் படி."

படித்தார். பிச்சையம்மாள் சின்னத்தம்பியின் இடது கையைப் பிடித்து, மாட்டுச் சந்தையில் பல்லைக் காட்டுவதுபோல் திருப்பிக் காட்டினாள்.

"நான் வளத்த புள்ளை. நான் சுட்ட கை. யாரு புஸ்தகத்தை யாரு திருடுனது?"

ஆண்டியப்பன் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். பதக்கங்கள் எழுதிய பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அவர் போர்க்காலம் முழுவதும் டிப்போவில் புது ஆட்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர். அது குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அது.

"நர்ஸிங் சிப்பாயின்னு மொதல்லயே சொல்லியிருந்தா..." என்றார்.

"ஆஸ்பத்திரி கம்பெனின்னு சொன்னேங்க," என்றார் சின்னத்தம்பி.

ஆண்டியப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கிளாஸ் காபி போட்டு அவர் முன்னால் வைத்தார். சின்னத்தம்பி அதைத் தொடவில்லை. ஆத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குப் பிறகு யாரிடமும் வாங்கியதில்லை.

"சொல்லிட்டீங்களா?" என்றார்.

"கேட்டாங்க, படிச்சேன்."

குறித்த தேதிக்குப் புத்தகத்தோடு புதுக்கோட்டைக்குப் போனார். அன்றைக்கே வேலையில் எடுத்துக்கொண்டார்கள். என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்கு இரண்டு மாதம் ஆனது. வேலையில் குறை இல்லை என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு பதினோரு வருஷம் நாங்கள் ஒரே அறையில் வேலை செய்தோம். விரிப்பு மடிப்பார், மூலை மடிப்பில் அடிக்கோல் வைக்கலாம். புண்ணைக் கழுவும்போது பேச்சுக் கொடுப்பார். யார் வந்தாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் காயம். அவருடைய சுபேதார் திட்டியதுபோல் நான் திட்டவில்லை. ஆண்டியப்பன் மகனுக்கு ஆணி குத்திப் புரையோடியபோது, புதுக்கோட்டைக்குப் போகாமல் இவரிடம்தான் கூட்டிவந்தார். அகப்பை என்ற பேச்சு நின்றுபோனது. பட்டாளத்தார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் அதற்குத் திரும்பிப் பார்க்கவே ஒரு வருஷம் ஆனது.

பிச்சையம்மாள் காத்திருந்தாள். முன்பு ஒரு பெட்டிக்கு முன்னால் காத்திருந்தவள், இப்போது உலகம் முழுக்கக் காத்திருந்தாள். பட்டாளத்துக்குப் போகாதவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா? ரங்கூனிலிருந்து யாராவது வந்தால் போய் விசாரிப்பாள். கண்டித் தோட்டத்திலிருந்து வந்தால் விசாரிப்பாள். ஆவுடையார்கோவில் பக்கம் மலாயாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு வந்தாள். "பெரியதம்பி, நெட்டையா இருப்பான், வாசல்ல குனிஞ்சு வருவான்," என்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள்.

எனக்கு அதனால் பெரிய தொல்லை. மாதம் ஒரு கடிதம் என்னைத்தான் எழுதச் சொல்வாள்.

"தோட்டத்துரைக்கு எழுது தாயி. எம் மகன் அங்க இருக்கானான்னு கேளு."

"பேர் என்னன்னு எழுத?"

"ஒனக்குத் தெரியும்ல, எழுது."

"நீங்க சொல்லுங்க."

"அவுக பேரை நான் சொல்லுவேனா? என்ன நர்சம்மா நீ, படிச்சவ."

மாமனார் செத்து நாற்பது வருஷம். எழுதுவேன். சேவுகன், தகப்பனார் கருப்பன், ஊருணிப்பட்டி. உயரம் ஐந்தடி பத்து இருக்கலாம். சட்டை, தம்பியுடையது. சட்டையை எழுதாதே என்று சொன்னால் கேட்க மாட்டாள். சில கடிதங்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. பலதுக்கு வரவில்லை. இல்லை என்று வந்தால் ஒரு ஊர் கழிந்தது என்பாள்.

சின்னத்தம்பிக்குக் கல்யாணமானது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். புது வீட்டுக்கு வாசற்கால் வைத்தபோது தச்சனிடம் ஒரு முழம் கூடுதலாக உயரம் வைக்கச் சொன்னார். உங்கள் உயரத்துக்கு எதற்கு என்று தச்சன் கேலி செய்தான். இருக்கட்டும் என்றார்.

1963 தை மாதம் பிச்சையம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டோம். வயதுக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்றாள். சின்னத்தம்பி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தார். முதுகில் ஒரு புண் இல்லை. புரட்டிய நேரம், மருந்து கொடுத்த நேரம் எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் மதியம் நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மருதாயி வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். பிச்சையம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"சேவுகா," என்றாள்.

மருதாயி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்த வீட்டில் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. உரக்க, நல்ல தெளிவாகக் கூப்பிட்டாள்.

அவர் கையிலிருந்த துணி சொட்டியது. "ஏன் ஆத்தா?" என்றார்.

"எந்த பஸ்ஸுக்கு வந்தே?"

என்னைப் பார்த்தார். நான் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பத்தரை பஸ்ஸுக்கு ஆத்தா."

"ரோட்டுலேருந்து நடந்தா வந்தே? கால் கழுவிட்டு வா. சோறு இருக்கு."

அவர் வெளியே போனார். தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு செம்பு, இரண்டு செம்பு. பேருக்கு ஊற்றிவிட்டு வரவில்லை, நன்றாகக் கழுவினார். ஈரக்காலோடு உள்ளே வந்தார். வாசற்காலுக்கு அடியில் வரும்போது, அந்த உயரமான வாசலில், குள்ளமான மனிதர், தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

அவள் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கண் திறந்துதான் இருந்தது.

ஒன்றே கால் மணிக்கு நாடி நின்றது. அவர் சுவரில் அந்த நேரத்தையும் எழுதினார்.

மறுநாள் இறப்பைப் பதிவு செய்ய நான் தாள் எழுத வேண்டியிருந்தது. அவர் மேஜைக்கு எதிரில் நின்றார். தகவல் சொன்னவர் பெயர் என்று ஒரு கட்டம், உறவு என்று ஒரு கட்டம். கொழுந்தன் மகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ எழுதலாம். என்ன எழுத என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல இருக்குறபடி எழுதுங்க," என்றார்.

சேவுகன், தகப்பனார் கருப்பன். உறவு, மகன் என்று எழுதினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, கண்டியில் ஒரு தோட்டத்துக்கு நாங்கள் போன மாதம் எழுதியதற்குப் பதில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"வந்தா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.